காலடியில் இருக்கிறது கனம்

பெட்டி ஒன்றைச் சற்று மேலிருந்து பார்க்கிறோம். அதன் தரையும் பின்சுவரும் தெரிகின்றன. உள்ளே ஒரு பந்து, திரையின் இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலையை நோக்கி நேர்கோட்டில் நகர்கிறது. இதையே இரண்டு படங்களாகக் காட்டுகிறார்கள். பந்தின் அளவு, நிறம், பாதை எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். மாறுவது நிழல் மட்டும். முதல் படத்தில் நிழல் பந்தின் அடியை விடாமல் அதனுடனேயே சாய்வாகப் போகிறது. பந்து தரையில் உருண்டு பெட்டியின் பின்பக்கம் போவதாகத் தோன்றுகிறது. இரண்டாவதில் நிழல் முன்பக்கத்திலேயே கிடைக்கோட்டில் நகர்கிறது. இப்போது அதே பந்து தரையை விட்டுக் கிளம்பி அந்தரத்தில் ஏறுகிறது.

டேனியல் கெர்ஸ்டன், பாஸ்கல் மமாசியான், டேவிட் நில் ஆகிய மூவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இது. பந்தின் பாதை மாறவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகு மறுபடி பார்த்தாலும் கண் கேட்பதில்லை. ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு, பொருளைவிட அதன் நிழலின் சாட்சியத்தையே மூளை நம்புகிறது.

கணினியில் செய்யும் இருபரிமாண அனிமேஷன் இந்த நம்பிக்கையை வைத்துத்தான் பிழைக்கிறது. அங்கே ஒரு காட்சி என்பது பல லேயர்களின் அடுக்கு. வானம் ஒரு லேயர், சுவர் ஒன்று, தரை ஒன்று, பாத்திரம் ஒன்று. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், டூன் பூம் ஹார்மனி, மோஹோ, ஓப்பன்டூன்ஸ் என எந்த மென்பொருளை எடுத்தாலும் ஏற்பாடு இதுதான். பின்னணியை ஒருமுறை வரைந்தால் போதும், பாத்திரத்தை மட்டும் தனியாக அசைக்கலாம். வேலை மிச்சம். ஆனால் ஒரு லேயருக்கு இன்னொரு லேயர் இருப்பதே தெரியாது. தன்மேல் ஒருவர் நிற்கிறார் என்பது தரைக்குத் தெரியாததால் அவருடைய நிழல் அதில் விழுவதில்லை, அவர் உருவம் அதில் தெரிவதுமில்லை. எவ்வளவு நன்றாக வரைந்த உருவமும் சுவரில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி நிற்கும். நடக்கவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும்.

இதைச் சரிசெய்ய இருப்பவை இரண்டு: தரையில் விழும் நிழல், தரையில் தெரியும் பிரதிபலிப்பு. லேயர் மென்பொருளில் இரண்டுக்கும் செய்முறை கிட்டத்தட்ட ஒன்றே. பாத்திரத்தின் லேயரை நகலெடுக்க வேண்டும், தலைகீழாகத் திருப்ப வேண்டும், மங்கலாக்க வேண்டும். கைவேலை ஒன்றாக இருப்பதாலேயே இரண்டையும் ஒன்றுபோல நடத்திவிடுகிறார்கள், காட்சி கெடுகிறது. நிழல் எங்கே விழும் என்பதை விளக்கு தீர்மானிக்கிறது. பிரதிபலிப்பு எங்கே தெரியும் என்பதைப் பார்க்கிற கண் தீர்மானிக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் அதிலிருந்து தாமாக வரும்.

ஒரே ஃபிலிமில் இருமுறை

நிழலைத் தனி லேயராக்கும் யோசனை கணினிக்கு முந்தையது. எர்ல் ஹர்ட் என்ற அமெரிக்கர், ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாளில் பாத்திரத்தை வரைந்து பின்னணி ஓவியத்தின் மேல் வைத்துப் படமெடுக்கும் முறைக்கு 1914இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். தொழிலில் 'செல்' என்று பெயர் நிலைத்துவிட்ட அந்தத் தாள்தான் இன்றைய லேயருக்கு மூதாதை.

செல்லில் நிழலைக் கறுப்பு வண்ணத்தால் நிரப்பினால் தரையின் கோடும் வேலைப்பாடும் மறைந்துபோகும். அதற்குக் கேமராவிலேயே வழி கண்டார்கள். நிழல் செல்லை வைத்து, தேவையான ஒளியில் ஒரு பங்கை மட்டும், 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், கொடுத்து முதலில் படமெடுப்பார்கள். பிறகு ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி, நிழல் செல்லை எடுத்துவிட்டு, மீதி 40 சதவீத ஒளியில் அதே ஃபிரேம்களை மறுபடி எடுப்பார்கள். நிழல் இல்லாத இடத்துக்கு இரண்டும் சேர்ந்து முழு ஒளி கிடைத்துவிடும். நிழல் விழுந்த இடத்துக்கு 40 சதவீதம்தான். தரையின் வேலைப்பாடு அப்படியே தெரியும், இருண்டு தெரியும். இன்று 'மல்டிப்ளை' என்ற பெயரில் ஒரே சொடுக்கில் கிடைப்பது அடிப்படையில் இந்தக் கணக்குத்தான்.

1937இல் டிஸ்னி நிறுவனம் 'தி ஓல்ட் மில்' குறும்படத்தில் மல்டிபிளேன் கேமராவைப் பயன்படுத்தியது. லேயர்களுக்கு நடுவே இடைவெளி விட்டு அடுக்கிப் படமெடுக்கும் கருவி அது. கேமரா நகரும்போது அருகிலிருப்பது வேகமாகவும் தொலைவிலிருப்பது மெதுவாகவும் நகர, ஆழம் கிடைத்தது. ஆழம் கிடைத்ததே தவிர, பாதம் தரையைத் தொடுகிறது என்ற உணர்வை அப்போதும் யாராவது கையால் வரைந்துதான் தரவேண்டியிருந்தது.

கையால் அதை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்பதற்கு 1988இல் வந்த 'ஹூ ஃபிரேம்ட் ரோஜர் ராபிட்' சாட்சி. ராபர்ட் ஸெமெக்கிஸ் இயக்கிய அந்தப் படத்தில் உண்மையான நடிகர்களோடு வரைந்த முயல் நடிக்கிறது. அனிமேஷன் பொறுப்பு ரிச்சர்ட் வில்லியம்ஸுடையது. முயலுக்கு வண்ணம் ஒரு லேயர், உடம்பில் படியும் இருள் ஒரு லேயர், மினுக்கம் ஒன்று, தரையிலும் சுவரிலும் விழும் நிழல் ஒன்று எனத் தனித்தனியாக வரைந்து, பல ஃபிலிம்களை ஒரே ஃபிலிமில் பதியும் ஆப்டிகல் பிரிண்டரில் ஒன்றுசேர்த்தார்கள். ஒரு காட்சியில் துப்பறிவாளரின் தலை தொங்கும் விளக்கில் இடித்துவிடுகிறது. விளக்கு ஊசலாட, அறையின் வெளிச்சம் முழுக்க அலைகிறது. அந்த அலைச்சலுக்கு ஈடுகொடுத்து முயலின் மேல் படியும் இருளை ஃபிரேம் ஃபிரேமாக மாற்றி வரைந்திருக்கிறார்கள். வினாடிக்கு 24 ஃபிரேம். விளக்கு இடிபடாமலே கதை நகர்ந்திருக்கும். இடிபட்டதால்தான் முயல் அந்த அறைக்குள் இருப்பதைக் கண் ஒத்துக்கொள்கிறது.

அடுத்த சில ஆண்டுகளில் வேலை கணினிக்கு மாறியது. டிஸ்னியும் பிக்ஸாரும் சேர்ந்து உருவாக்கிய 'கேப்ஸ்' என்ற அமைப்பில், பென்சில் ஓவியங்களை ஸ்கேன் செய்து, வண்ணம் தீட்டி, லேயர்களை அடுக்கி முடிப்பது வரை எல்லாம் கணினிக்குள் நடந்தது. 1990இல் வந்த 'தி ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்' முழுவதும் அதில் உருவானது. மறு ஆண்டு வந்த 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' படத்தில் நடன மண்டபம் கணினியில் கட்டியது, ஆடுகிற இருவரும் கையால் வரைந்தவர்கள். கேமரா மண்டபத்தைச் சுற்றி வருகிறது. கணினி மண்டபமும் காகித மனிதர்களும் ஒரே தரையில் இருப்பதாக நம்பவைக்கும் பொறுப்பு முழுக்க அவர்களுடைய காலடியில்தான் விழுந்தது.

நான்காவது எண்

கணினி எப்படி நிழலுக்கு உருவம் எடுக்கிறது? திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு என்பது தெரிந்ததே. லேயர்களுக்கு நான்காவதாக ஓர் எண் உண்டு. இந்தப் புள்ளியை உருவம் எவ்வளவு மறைக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. பெயர் ஆல்ஃபா. முழுக்க மறைத்தால் 1, மறைக்கவே இல்லை என்றால் 0, முடியின் ஓரம்போல அரைகுறையாக மறைத்தால் இடைப்பட்ட மதிப்பு. எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கல்லூரியில் இதை வகுத்தார்கள். லூகாஸ்ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984இல், ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வைக்கும் வழிகளையெல்லாம் ஆல்ஃபாவைக் கொண்டு ஒழுங்கான இயற்கணிதமாக எழுதிக் காட்டினார்கள். இன்றைய எல்லா லேயர் மென்பொருளுக்கும் அடித்தளம் அந்தக் கட்டுரை.

நிழலுக்கு வேண்டியது இந்த நான்காவது எண் மட்டும். சட்டையின் நிறமோ கண்ணின் வடிவமோ நிழலுக்குத் தேவையில்லை, உருவத்தின் எல்லை தெரிந்தால் போதும். அதனால் பாத்திர லேயரின் நகலில் மூன்று நிற எண்களையும் தூக்கி எறிந்துவிட்டு, ஆல்ஃபாவை ஒரே நிறத்தால் நிரப்பினால் நிழலுக்கான அச்சு தயார். பாத்திரம் கையை ஆட்டினால் நிழலும் தானாக ஆட்டும்.

பிறகு அதைத் தரையில் கிடத்த வேண்டும். நகல் எந்தப் புள்ளியை மையமாக வைத்து மாறுமோ அந்த ஆங்கர் பாயிண்ட்டைப் பாதத்தில் வைத்து, செங்குத்தாகச் சுருக்கி, பக்கவாட்டில் சாய்த்தால் நிழல் படுத்துவிடும். விளக்கு பாத்திரத்துக்குப் பின்னால் இருந்தால் நகலைத் தலைகீழாக்கி முன்பக்கம் விழவைக்க வேண்டும். முன்னால் இருந்தால் தலைகீழாக்காமல் பின்பக்கம் சாய்க்க வேண்டும். நீளத்தை வெயிலின் கோணம் சொல்லும். சூரியன் அடிவானத்திலிருந்து 45 பாகையில் இருந்தால் நிழல் ஆளின் உயரமே இருக்கும். 30 பாகைக்கு இறங்கினால் 1.73 மடங்கு. 60 பாகைக்கு ஏறினால் 0.58 மடங்கு. நிழல் சுவரை எட்டினால் அங்கே மடிந்து நிமிர வேண்டும். லேயரை இரண்டாக வெட்டி, தரைத்துண்டைச் சாய்த்தும் சுவர்த்துண்டை நிமிர்த்தியும் வைப்பார்கள். படிக்கட்டு என்றால் ஒவ்வொரு படிக்கும் ஒரு துண்டு.

கறுப்பல்ல நிழல்

நிழல் என்றதும் கை கறுப்புக்குப் போகும். வெயில் நேரத்தில் வெளியே பார்த்தால் நிழலுக்குள்ளும் வெளிச்சம் இருப்பது தெரியும். சூரியன் மறைந்த இடத்தை வானம் ஒளியூட்டுகிறது, வானத்தின் ஒளி நீலம் கலந்தது. அதனால் வெட்டவெளி நிழல் நீலம் பக்கம் சாயும்.

எண்களில் பார்க்கலாம். தரையின் நிறம் சிவப்பு 200, பச்சை 160, நீலம் 120 என்று வைத்துக்கொள்வோம், மண் கலந்த பழுப்பு. அதன்மேல் கறுப்பை 40 சதவீத அடர்த்தியில் போட்டால் கிடைப்பது 120, 96, 72. இருண்டதே தவிர நிறத்தின் சாயல் மாறவில்லை, தரையில் கரி பூசியதுபோலத் தெரியும். இப்போது கறுப்புக்குப் பதில் 140, 150, 190 என்ற நீலச் சாம்பலை மல்டிப்ளையில் வைப்போம். ஒவ்வொரு நிறத்தையும் பெருக்கி 255ஆல் வகுக்க வேண்டும். விடை 110, 94, 89. சிவப்பு அதிகம் குறைந்திருக்கிறது, நீலம் குறைவாகவே குறைந்திருக்கிறது. இருட்டு ஏறக்குறைய அதேதான். ஆனால் இந்த நிழலுக்கு மேலே ஒரு வானம் இருக்கிறது.

இந்தக் கணக்கில் ஒரு பொறியும் உண்டு. திரையின் எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இல்லை. 255இல் பாதி 128 என்றாலும், அந்த எண் தருவது முழு ஒளியில் ஏறக்குறைய 22 சதவீதம். பாதி ஒளிக்கு எண் 188. மென்பொருள் நேரடியாக எண்களைப் பெருக்கினால் நிழல் நினைத்ததைவிட ஆழமாகிவிடும். நேரியல் ஒளிக்கணக்கில் வேலை செய்யும் வசதி, லேயர்களை ஒன்றுசேர்க்கும் கம்போசிட்டிங் மென்பொருள்கள் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. அதை இயக்கிய பிறகு நிழலின் அடர்த்தியை முடிவுசெய்வது நல்லது.

இன்னொரு வழக்கமான பிழை, இரண்டு பேர் அருகருகே நடக்கும்போது வரும். ஒவ்வொருவரின் நிழலும் தனி மல்டிப்ளை லேயராக இருந்தால், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் இரட்டிப்பாக இருண்டுவிடும். வானத்தில் ஒரே சூரியன். அதன் ஒளியை ஒருவர் மறைத்த பிறகு மற்றவர் மறைக்க அங்கே மிச்சம் எதுவும் இல்லை. எனவே எல்லா நிழல் உருவங்களையும் முதலில் ஒரே லேயராகச் சேர்த்துக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் தரையுடன் பெருக்க வேண்டும். அறையில் இரண்டு விளக்குகள் இருந்தால் கதை வேறு. அப்போது விளக்குக்கு ஒன்றாக இரண்டு நிழல் லேயர் வேண்டும், அவை கூடும் இடம் கூடுதலாக இருள்வதும் சரிதான்.

விளிம்புக்கும் கணக்கு உண்டு. சூரியன் ஒரு புள்ளியல்ல. நம் கண்ணுக்கு அது சுமார் அரைப் பாகை அகலமுள்ள வட்டம். அதனால் நிழலின் ஓரத்தில், சூரியனின் ஒரு பகுதி மட்டும் மறைந்த அரைநிழல் பட்டை ஒன்று இருக்கும். அதன் அகலம், மறைக்கும் பொருளுக்கும் நிழல் விழும் இடத்துக்கும் உள்ள தூரத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. தரையைத் தொடும் பாதத்துக்கு அது பூஜ்யம். 45 பாகை வெயிலில் நிற்பவரின் தலைக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல். பாதத்தில் கத்தி முனைபோல் கூர்மையாகத் தொடங்கும் நிழல், தலையை நோக்கிப் போகப்போக இளகுகிறது. லேயர் முழுவதற்கும் ஒரே அளவு பிளர் கொடுத்தால் இந்த வேறுபாடு அழிந்துவிடும். அதுவும் பாதத்தருகே அழியும், எது தெரியவேண்டுமோ அங்கேயே.

இதனால் அனுபவசாலிகள் ஒரு நிழலுக்கு இரண்டு லேயர் வைப்பார்கள். ஒன்று நீண்டு கிடக்கும் நிழல். மற்றொன்று செருப்பின் அடியில் மெல்லிய கோடாக மட்டும் இருக்கும் அடர்ந்த இருள், கான்டாக்ட் ஷேடோ. மேகமூட்டமான நாளில் நீண்ட நிழல் கரைந்துவிடும், அப்போதும் இந்தக் கோடு இருக்கும். பாதத்துக்கும் தரைக்கும் இடையிலான இடுக்கில் எந்தத் திசையிலிருந்தும் ஒளி எளிதில் நுழைய முடியாது என்பதே காரணம். முப்பரிமாணப் படங்களில் இந்த இடுக்கிருளைக் கணக்கிடும் ஆம்பியன்ட் ஒக்ளூஷன் முறையை, 2001இல் வந்த 'பேர்ல் ஹார்பர்' படத்தின் விமானங்களுக்காக இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தார் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இருபரிமாணத்தில் அதே வேலையை ஒரு மெல்லிய தூரிகைக் கோடு செய்துவிடுகிறது.

தரைக்குக் கீழே ஓர் உலகம்

இப்போது தரையை மெருகேற்றுவோம். பளிங்குத் தரையில் ஒரு சிறுமி கயிறு தாண்டுகிறாள். வெயில் இடப்பக்கத்திலிருந்து 45 பாகையில் விழுகிறது. அவள் 40 பிக்சல் உயரம் எழும்புகிறாள். அவளுடைய லேயர் 40 பிக்சல் மேலே போகும். பிரதிபலிப்பு 40 பிக்சல் கீழே போகும், ஆகவே பாதத்துக்கும் பிரதிபலித்த பாதத்துக்கும் நடுவே 80 பிக்சல் இடைவெளி. நிழல் மேலேயும் போகாது, கீழேயும் போகாது. தரையிலேயே 40 பிக்சல் வலப்பக்கம் நகர்ந்து, சற்று இளகும். ஒரே குதிப்பில் மூன்று லேயர்களும் மூன்று திசையில் பிரிகின்றன, அவள் இறங்கும் ஃபிரேமில் ஒரே புள்ளியில் கூடுகின்றன. அந்தக் கூடலைத்தான் கண் கனமாக உணர்கிறது.

நகல்கள் இரண்டையும் பாத்திர லேயரோடு கட்டிவிட்டால் என்ன நடக்கும்? சிறுமி எழும்பும்போது நிழலும் பிரதிபலிப்பும் கூடவே எழும்பும். தரையே ஒரு பலகையாக அவள் காலோடு ஒட்டி வருவதுபோல இருக்கும். தொடக்கநிலைப் படங்களில் இதை நிறையவே பார்க்கலாம். தப்பிக்க எளிய வழி, தரைப்புள்ளிக்கென்று உருவமில்லாத வெற்று லேயர் ஒன்று, தொழிலில் 'நல்' என்பார்கள், வைத்துக்கொள்வது. சிறுமி முன்னேயும் பின்னேயும் நடப்பதை அந்த நல் சுமக்கும், மூன்று லேயர்களும் அதோடு கட்டப்பட்டிருக்கும். குதிக்கும் உயரத்தைத் தனி எண்ணாக வைத்து உடலுக்குக் கூட்டியும், பிரதிபலிப்புக்குக் கழித்தும், நிழலுக்குப் பக்கவாட்டிலும் கொடுத்தால் போதும்.

தலைகீழாகத் திருப்பிய படம் உண்மையான பிரதிபலிப்பும் ஆகாது. கேமரா தரைக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதே ஆழத்தில் தரைக்குக் கீழே இன்னொரு கேமரா இருந்து மேல்நோக்கிப் பார்த்தால் என்ன தெரியுமோ அதுதான் பிரதிபலிப்பில் தெரியும். மேலிருந்து பார்க்கும் நமக்கு மேசையின் மேல்பலகை தெரிகிறது, பிரதிபலிப்பிலோ பலகையின் அடிப்புறம் தெரியவேண்டும். தொப்பியின் விளிம்புக்கு உட்புறம், மோவாயின் கீழ்ப்பகுதி, எழும்பும் காலின் உள்ளங்கால் என, நேர்ப்படத்தில் வரையவே வரையாத பகுதிகள் அங்கே வெளிப்படும். கேமரா தரையை ஒட்டித் தாழ்வாக இருக்கும்போது இரண்டு பார்வைக்கும் வித்தியாசம் குறைந்துவிடும், வெறும் திருப்பலே போதுமானது. கேமரா உயர உயர அது கைவிட்டுவிடும். பளபளக்கும் தரைக் காட்சிகளுக்குக் கேமராவைத் தாழ்வாக வைத்துக்கொண்டால், அழகோடு கூட இந்த வேலையும் மிச்சமாகிறது.

முழுக் காட்சியையும் ஒரே படமாக்கி ஒரே கோட்டில் திருப்புவதும் கூடாது. ஒவ்வொரு லேயரும் தான் தரையைத் தொடும் கோட்டில்தான் திரும்ப வேண்டும். சிறுமி தன் பாதத்தில், தூண் தன் அடியில், பின்சுவர் தரையோடு சேரும் கோட்டில். திரும்பிய பிறகும் முன்னால் இருந்தது முன்னால்தான், சிறுமியின் பிரதிபலிப்பு சுவரின் பிரதிபலிப்பை மறைக்க வேண்டும்.

எவ்வளவு, எந்த வரிசையில்

பிரதிபலிப்பின் அடர்த்தியைக் கண்ணளவில் 30 சதவீதம் என்று வைத்துவிட்டுப் போவது வழக்கம். இயற்கையில் அது இடத்துக்கு இடம் மாறுகிறது. பிரெஞ்சு இயற்பியலாளர் அகஸ்டின் ஃபிரெனல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறிந்த சமன்பாடுகளின்படி, கண்ணாடியை நேர் மேலிருந்து பார்த்தால் அது திருப்பி அனுப்பும் ஒளி சுமார் 4 சதவீதம். செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்து பார்த்தால் 9. 80 பாகையில் 39. மெருகேற்றிய கல்லும் கிட்டத்தட்ட இப்படித்தான். படத்தில் இதற்குப் பொருள் என்ன? திரையின் கீழ் விளிம்புக்கு அருகே உள்ள தரையை நாம் செங்குத்தாகப் பார்க்கிறோம், அங்கே பிரதிபலிப்பு மங்க வேண்டும். தொலைவுக்குப் போகப்போகச் சரிவாகப் பார்க்கிறோம், அங்கே ஓங்க வேண்டும். சிறுமியின் பிரதிபலிப்பில் தலைதான் திரையின் கீழ்ப்பக்கம், நமக்கு அருகில் விழுகிறது. பாதம் தெளிவாகவும் தலை மங்கலாகவும் இருக்க இது ஒரு காரணம். தரையின் நுண்ணிய சொரசொரப்பு இரண்டாவது காரணம். தரையை விட்டு விலகிய பகுதியின் ஒளி அதிகம் சிதறுகிறது, அதுவும் பக்கவாட்டில் சிதறுவதைவிட மேலும்கீழுமாக அதிகம் இழுபடுகிறது. மழை நனைத்த சாலையில் வாகன விளக்குகள் நம்மை நோக்கி நீண்ட பட்டைகளாக இறங்குவது இதனால்தான். பிரதிபலிப்பு லேயருக்குச் செங்குத்து பிளர் அதிகமாகவும் கிடை பிளர் குறைவாகவும் கொடுக்க வேண்டும்.

லேயர்களை அடுக்கும் வரிசைக்கும் இயற்பியலே வழிகாட்டி. நிழல் என்பது தரைக்கு வந்துசேராத ஒளி. தரை தன் சொந்த நிறத்தைக் காட்டப் பயன்படும் ஒளியைத்தான் அது குறைக்கிறது. பிரதிபலிப்பு தரையின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் வேறு ஒளி, நிழல் அதைத் தொடுவதில்லை. தெளிந்த ஆழமான நீரில் நம் நிழல் தெரிவதில்லை, கலங்கிய நீரில் தெரிகிறது. கலங்கலில் மிதக்கும் மண்துகள்கள்தான் அங்கே நிழல் விழுவதற்கு ஒரு பரப்பைத் தருகின்றன. ஆகவே முதலில் தரை, அதன்மேல் மல்டிப்ளையில் நிழல், அதற்கும் மேல், ஒளியைக் கூட்டும் ஆட் அல்லது ஸ்கிரீன் முறையில் பிரதிபலிப்பு. இந்த வரிசையில் வைத்தால் ஓர் உபரி நன்மையும் வரும். நிழலுக்குள் தரை இருண்டிருப்பதால் அங்கே பிரதிபலிப்பு பளிச்சென்று தெரியும், உண்மையான தரையில் தெரிவது போலவே.

ஆட் முறைக்கு ஒளியைக் கூட்டத்தான் தெரியும், குறைக்கத் தெரியாது. அப்படியானால் சிறுமியின் கருங்கூந்தல் எப்படிப் பிரதிபலிக்கும்? தனியாக வைத்தால் ஒன்றுமே தெரியாது. உண்மையில் கூந்தல் கருமையாகத் தெரிவது, பின்னாலுள்ள வெளிச்சமான சுவரின் பிரதிபலிப்பை அது மறைப்பதால். எனவே தலைகீழ் உலகத்தை முதலில் முழுமையாகக் கட்ட வேண்டும். திருப்பிய சுவர், அதன்மேல் திருப்பிய தூண், அதன்மேல் திருப்பிய சிறுமி. எல்லாவற்றையும் சாதாரண முறையில் ஒன்றாக்கி, அந்த ஒன்றை மட்டும் தரையுடன் கூட்ட வேண்டும்.

கேமரா நகரத் தொடங்கினால் இரண்டின் குணமும் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். நிழல் தரையில் விழுந்த இடத்திலேயே கிடக்கும், ஆகவே அது தரை லேயரோடு சேர்ந்து நகர வேண்டும். சன்னலின் பிரதிபலிப்பு அப்படியல்ல. தரையின் மேல் வழுக்கிக்கொண்டு நம்மோடு வரும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் போன்ற மென்பொருளில் லேயர்களை முப்பரிமாண வெளியில் நிறுத்தலாம் என்பதால், திருப்பிய லேயர்களைத் தரைக்குக் கீழே, அசல் இருக்கும் அதே தொலைவில் வைத்துவிட்டால் இந்த வழுக்கல் தானாகக் கிடைத்துவிடும். தரையில் வரைந்த ஓவியமாக அவற்றைத் தரை லேயரோடு ஒட்டிவிட்டால், கேமரா நகர்ந்த மறுகணம் அது பளிங்கா விரிப்பா என்ற சந்தேகம் வந்துவிடும்.

கண் மன்னிப்பவை

இவ்வளவு விதிகளையும் எல்லா ஃபிரேமிலும் கடைப்பிடிக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. ஆல்ஃபாவிலிருந்து எடுத்த நிழலே கண்டிப்பாகப் பார்த்தால் தப்பு. அது கேமரா பார்க்கும் உருவத்தின் எல்லை, நிழலுக்கு வேண்டியது விளக்கு பார்க்கும் எல்லை. நம்மை நேராகப் பார்த்து நிற்பவர்மேல் பக்கவாட்டிலிருந்து ஒளி விழுந்தால், தரையில் அவருடைய மூக்கும் மோவாயும் தெரியும் பக்கத் தோற்றம் விழவேண்டும். லேயர் மென்பொருள் தருவதோ இரண்டு தோளும் தெரியும் முன் தோற்றம். பார்ப்பவர் யாரும் இதைப் பற்றிப் புகார் சொல்வதில்லை.

உளவியலாளர் பேட்ரிக் கவனா 2005இல் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதினார். ஓவியர்கள் நெடுங்காலமாக நிழலின் திசையையும் வடிவத்தையும் இயற்பியலுக்கு ஒவ்வாமல் தீட்டிவந்திருக்கிறார்கள், பார்ப்பவர் கண்ணுக்கு அது உறுத்துவதே இல்லை. நிழல் சுற்றியுள்ள பரப்பைவிட இருண்டிருக்க வேண்டும், தனிப் பொருளாகத் தோன்றும் அளவுக்குக் கெட்டியாக இருக்கக் கூடாது. மூளை கேட்பது அவ்வளவுதான் என்பது அவர் வாதம். ஓவியர்கள் தங்களை அறியாமலே நரம்பியல் ஆய்வு நடத்திவந்திருக்கிறார்கள் என்றும் பார்க்கலாம்.

மூளையின் இந்தத் தாராளம் தொடும் இடத்துக்கு மட்டும் செல்லாது. பந்து சோதனையில் நிழலின் வடிவம் யாரையும் திசைதிருப்பவில்லை, பந்துக்கும் நிழலுக்கும் இடையில் இருந்த தூரம்தான் பந்தைத் தூக்கியது. ஆகவே நேரமும் பணமும் குறைவாக உள்ள தயாரிப்பில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதற்கு ஓர் ஒழுங்கு கிடைக்கிறது. தலையின் நிழல் வெறும் உருண்டையாக இருக்கலாம், பிரதிபலித்த முகத்தில் கண் இல்லாமலே போகலாம். ஆனால் குதிகால் தரையில் படும் ஃபிரேமில் நிழலும் பிரதிபலிப்பும் அதே பிக்சலில் வந்து சேர்ந்தாக வேண்டும். ஒரு ஃபிரேம் பிந்தினாலும் பாத்திரம் வழுக்கும்.

2019இல் செர்ஜியோ பாப்லோஸ் இயக்கிய 'க்ளாஸ்' படம், கலைஞருக்கும் கணினிக்கும் இடையிலான வேலைப் பங்கீட்டை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனது. பாத்திரங்கள் கையால் வரைந்தவை. உடம்பில் ஒளியும் இருளும் எங்கே படிய வேண்டும் என்பதைக் கலைஞர்கள் தீட்டுகிறார்கள். கோட்டோவியம் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும்போது அந்தத் தீட்டல்களையும் கூடவே நகர்த்தும் வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. படத்தைப் பார்க்கிற பலர் அதை முப்பரிமாணம் என்றே நினைத்துவிடுகிறார்கள். முடிவு கலைஞருடையது, சலிப்பூட்டும் திரும்பத் திரும்பச் செய்தல் மட்டும் கணினியுடையது. ரோஜர் ராபிட் காலத்தில் இரண்டையும் ஒரே கை செய்யவேண்டியிருந்தது.

லேயர் மென்பொருளோடு உட்காருபவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. செலவில்லாதது, எந்த மென்பொருளிலும் செய்யலாம். காட்சியை முடித்த பிறகு பாத்திரத்தின் லேயரை அணைத்துவிட்டு, தரையையும் நிழலையும் பிரதிபலிப்பையும் மட்டும் ஓடவிடுங்கள். ஆள் இல்லாத அந்தத் தரையைப் பார்த்தே எந்த ஃபிரேமில் எந்தக் கால் ஊன்றுகிறது என்று சொல்ல முடிந்தால், பாத்திரத்தைத் திரும்ப இயக்கிவிட்டு அடுத்த காட்சிக்குப் போகலாம்.